நடுவர் நாற்காலியில் நம்ம ஆள் எங்கே?



மோட்டார் காயில் எரிகிற நாற்றம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில வருஷம் முன்னே ஒரே நவரைப் பட்டத்தில் எனக்கு மூணு தடவை எரிஞ்சுது. ராத்திரி மும்முனை வரும். டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு வரப்பு மேல ஓடி ஸ்டார்ட்டரைத் தட்டினால், மோட்டார் உறுமும், தண்ணி ஏறாது. அஞ்சு நிமிஷத்தில் கொட்டகை முழுக்க அந்த நாற்றம். மூணாவது தடவை ரீவைண்டிங் கடைக்காரப் பையனே என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, மோட்டார் மேல குத்தம் இல்ல. உங்க லைன்ல வோல்டேஜே இல்ல. நான் காயில் கட்டிக்கிட்டே இருக்கலாம், நீங்க காசு கொடுத்துக்கிட்டே இருக்கலாம்."

வோல்டேஜ் ஏன் இல்லை? எங்க கழனிக்குப் பக்கத்தில் இருந்த நஞ்சை பத்து வருஷத்தில் மனையாகி, மனை வீடாகி, வீட்டுக்கு வீடு ஏ.சி. வந்து விட்டது. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் அதே பழைய டிரான்ஸ்ஃபார்மர். சாயங்காலம் ஏழு மணிக்கு மேலே அத்தனை சுமையும் அதன் தலையில். தாம்பரத்தைச் சுற்றி அகரம்தென், மதுரப்பாக்கம், முடிச்சூர், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம், சோமங்கலம் என்று எந்தப் பக்கம் கேட்டாலும் இந்தக் கதையை யாராவது ஒருத்தர் சொல்வார். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மாநகராட்சிக் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஊர்களுக்கும் நகரத்தின் சுமை வந்து விட்டது. நகரத்தின் கவனிப்பு வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். ஒரு முறை இல்லை, நாலு முறை. முதல் மூன்று மனுவுக்கு ரசீது கேட்காமல் வந்தது என் முட்டாள்தனம். அங்கே நாற்காலியில் இருந்தவர் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை: "இலவச கரண்ட்டுக்கே இவ்வளவு பேசுறீங்களேய்யா!"

இந்த ஒரு வார்த்தைக்கு முதலில் பதில் சொல்லி விட்டு மேலே போகிறேன். ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் இந்த வார்த்தையைக் கேட்டுத்தான் தலை குனிந்து திரும்பி வருகிறோம்.

இலவச மின்சாரம் யாரோ போட்ட பிச்சை இல்லை. 1970-ல் மின் கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து விவசாயிகள் தெருவுக்கு வந்தபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்கள், மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய்க் கோவையை அடைத்த 1972, சிறைவாசம், ஜப்தி எல்லாம் கடந்த பிறகுதான் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இந்தச் சலுகை வந்தது. அதுவும் சும்மா ஓடவில்லை. நம் மோட்டாரின் குதிரைத்திறனைக் கணக்குப் பார்த்து மாநில அரசு மின் நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறது. 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் 65-வது பிரிவில், சலுகை கொடுக்கிற அரசு அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. அதே சட்டத்தின் 2-வது பிரிவில் நுகர்வோர் என்றால் யார் என்று சொல்லும்போது, மின்சாரம் பெறுகிறவர், இணைப்பு உள்ள இடத்துக்காரர் என்றுதான் இருக்கிறது. பில் கட்டுகிறவர் மட்டும் நுகர்வோர் என்று எங்கேயும் இல்லை. ஆகவே ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்திருக்கிற நீங்களும், ஐம்பது ஏ.சி. வைத்திருக்கிற கம்பெனிக்காரரும் புகார் கொடுக்கும் உரிமையில் சமம். அடுத்த முறை யாராவது இலவசம் என்று வாயைத் திறந்தால் இந்தப் பிரிவு எண்களைச் சொல்லுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். நாலாவது மனுவை ரசீதோடு கொடுத்தேன். பதில் இல்லை. பிறகு மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு எழுதினேன். இப்படி ஒரு மன்றம் இருப்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மின்சாரச் சட்டம் 42-வது பிரிவு, 5-வது உட்பிரிவு: மின்சாரம் விநியோகம் செய்யும் நிறுவனம் குறைதீர் மன்றம் அமைத்தே ஆக வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-ல் இதற்கு விதிமுறை போட்டது. ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்துக்கும் ஒரு மன்றம். மின்வாரியம் 2010-ல் கழகமாகி, 2024-ல் அந்தக் கழகமும் பிரிந்து இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறியிருந்தாலும் மன்றம் அப்படியேதான் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை. தமிழில் வெள்ளைத்தாளில் எழுதலாம்.

விசாரணைக்குப் போனேன். மன்றத்தின் தலைவர் யார்? அந்த வட்டத்து மேற்பார்வைப் பொறியாளர். அதாவது என் புகார் எந்த அலுவலகத்தின் மேலேயோ அந்த அலுவலகத்தின் பெரிய அதிகாரி. அவர் பக்கத்தில் வாரியத்துக்கு வெளியே இருந்து வந்த உறுப்பினர்கள். நம் பிரிவு அலுவலகத்துக்காரர் எழுதி வந்த பதிலை வாசித்தார்: "மின்னழுத்தம் அளக்கப்பட்டது, சரியாக உள்ளது." அவ்வளவுதான். தலைவரும் தலையை ஆட்டி விட்டார். எனக்கு ஆத்திரம்தான் வந்ததே தவிர என்ன கேட்பது என்று தோணவில்லை.

வெளி உறுப்பினர்களில் ஒருவர் ரிடையர்டு வாத்தியார். அவருக்கும் கொஞ்சம் நிலம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழட்டி வைத்து விட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், நீங்க எத்தனை மணிக்கு அளந்தீங்க?"

"காலைல பதினோரு மணி, சார்."

"இவர் மோட்டார் போடறது எத்தனை மணிக்கு?"

பதில் இல்லை. காலை பதினோரு மணிக்கு வீட்டுக்காரர்கள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள். ஏ.சி. ஓடாது. வோல்டேஜ் ராஜா மாதிரி நிற்கும். ராத்திரி எட்டு மணிக்கு வந்து அளக்கச் சொல்லி மன்றம் உத்தரவு போட்டது. அளந்தார்கள். சில மாதத்தில் கூடுதல் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. எரிந்த மூணு காயிலுக்கு ஒரு பைசா வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். கருகின நாற்றுக்கும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த ஒரு கேள்வி! அது சட்டம் படித்ததால் வந்த கேள்வியா? ராத்திரியில் தண்ணி பாய்ச்சினவனுக்குத்தான் அது தோணும். அன்றைக்கு அந்த நாற்காலியில் வாத்தியாருக்குப் பதிலாக அடுக்குமாடியில் குடியிருக்கிற ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்திருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பதினோரு மணி அளவு அவருக்குச் சரியாகத்தான் பட்டிருக்கும். என் மனு அன்றே முடிந்திருக்கும்.

இதைத்தான் இந்தத் துண்டறிக்கையில் கேட்க வந்தேன். மன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கும்போது நம்மைக் கேட்கிறார்களா? நம் பெயரை நாமாவது கொடுத்திருக்கிறோமா?

மத்திய அரசு 2020-ல் கொண்டு வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகளில், நுகர்வோர் பிரதிநிதிகளும் மன்றத்தில் இருக்க வேண்டும், நுகர்வோர் விவகாரம் தெரிந்த சுதந்திரமான ஒருவரை ஒழுங்குமுறை ஆணையம் நியமிக்க வேண்டும், 45 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. நுகர்வோர் விவகாரம் தெரிந்தவர் என்றால் யார்? நுகர்வோர் அமைப்பு என்று நகரத்தில் பலகை மாட்டியிருப்பவர் மட்டுமா? முப்பது வருஷம் பதிவு மூப்புக்குக் காத்திருந்து சர்வீஸ் வாங்கினவனுக்கு நுகர்வோர் விவகாரம் தெரியாதா?

மின்சாரம் மட்டும் இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 2002-ல் ஒரு திருத்தம் வந்தது. மின்சாரம், குடிநீர், துப்புரவு, தபால், தொலைபேசி, போக்குவரத்து, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் போன்ற பொதுச் சேவைகளில் வரும் தகராறுகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று ஒரு ஏற்பாடு. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே இங்கே போகலாம். கட்டணம் இல்லை. ஒரு கோடி ரூபாய் வரையிலான வழக்கு எடுக்கலாம். முதலில் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்து சமரசம் பேசுவார்கள். ஒத்து வரவில்லையென்றால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். இதை எதிர்த்து வழக்கறிஞர் மன்றத்தார் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் இந்த ஏற்பாடு செல்லும் என்று சொல்லி விட்டது.

இதில் நீதிபதியோடு உட்காரும் இரண்டு பேர் யாராக இருக்க வேண்டும்? சட்டத்தின் வார்த்தை: பொதுப் பயன்பாட்டுச் சேவையில் போதிய அனுபவம் உள்ளவர்கள். இந்த அனுபவம் என்ற வார்த்தையைப் படித்தவுடன் ரிடையர்டு இன்ஜினீயர், ரிடையர்டு அதிகாரி என்றுதான் எல்லோர் புத்தியும் போகிறது. சேவை கொடுத்தவனின் அனுபவம் அனுபவம், சேவை கிடைக்காமல் அல்லாடினவனின் அனுபவம் அனுபவம் இல்லையா? அறுந்து தொங்குகிற கம்பிக்குக் கீழே கீரை பறிக்கிற பெண்ணுக்கு மின்சாரச் சேவையில் அனுபவம் இல்லை என்று யார் சொல்வது?

2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நுகர்வோர் ஆணையங்களோடு சேர்த்து சமரசப் பிரிவு வைக்கச் சொல்கிறது. மத்தியஸ்தர்கள் பட்டியல் போட வேண்டும். யாரைச் சேர்க்கலாம் என்கிற விதியைப் பார்த்தால் ஓய்வு பெற்ற நீதிபதி, வழக்கறிஞர், ஓய்வு பெற்ற உயர் அதிகாரி என்று போகிறது. 2023-ல் வந்த மத்தியஸ்தச் சட்டத்தில் சமுதாய மத்தியஸ்தம் என்று ஒரு அத்தியாயம் எழுதினார்கள். ஊரில் மதிப்புள்ளவர், குடியிருப்போர் நலச் சங்கத்தின் பிரதிநிதி என்று ஆள் வரிசை அதில் இருக்கிறது. நல்லது. தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் குடியிருப்போர் நலச் சங்கங்கள் எவ்வளவு விவரமாக வேலை செய்கின்றன என்று நாம் தினமும் பார்க்கிறோம். தெருவிளக்கு எரியவில்லையென்றால் மறுநாளே மனு போகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் குடியிருப்போர் சங்கத்தின் பெயரை எழுதத் தெரிந்த கைக்கு விவசாயிகள் சங்கம் என்று எழுதத் தெரியவில்லையே! நாளைக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரை மனைக்காரனும் கழனிக்காரனும் பங்கு போடுகிற தகராறு வந்தால், பேச உட்காருகிறவர்கள் எல்லாம் மனைப் பக்கத்து ஆட்களாக இருந்தால் என்ன ஆகும்?

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையைப் பாருங்கள். அங்கே 1988-ல் மத்தியஸ்த சபைச் சட்டம் போட்டார்கள், 1990-லிருந்து சபைகள் நடக்கின்றன. பிரதேசத்துக்குப் பிரதேசம் சபை இருக்கிறது. அரசியல் சாராத ஊர் அமைப்புகள் ஆட்களின் பெயரைக் கொடுக்கலாம். பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, தேறினவர்களை எடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது, தொண்டுதான். தகராறு உள்ள இரண்டு பக்கமும் பட்டியலிலிருந்து தங்களுக்கு நம்பிக்கையான ஆளைச் சொல்லலாம். வக்கீல் வைத்து வாதாட முடியாது. பள்ளிக்கூடக் கட்டடத்தில் லீவு நாளில் உட்காருகிறார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் நம் தமிழிலேயே நடக்கிறது. சண்டையும் சாவும் பார்த்த தேசத்தில் சாதாரண ஜனங்களை நம்பி மத்தியஸ்தம் கொடுக்க முடிகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் முடியாதா?

இதற்கு இரண்டு ஆட்சேபணை சொல்வார்கள். நம் ஆட்களே சொன்னார்கள். முதலாவது, விவசாயிக்குச் சட்டம் தெரியாது என்பது. சட்டம் சொல்லிக் கொடுக்க சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பயிற்சி கொடுக்கட்டும். பத்து நாளில் சட்டப் பிரிவைப் படித்து விடலாம். பம்ப்செட்டு கஷ்டத்தைப் பத்து நாளில் ஒரு அதிகாரிக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா?

இரண்டாவது கொஞ்சம் கனமானது. சங்கத்து ஆள் நடுவராகப் போனால் ஒரு பக்கம் சாய்வான் என்பது. மின் நிறுவனத்தின் அதிகாரியே தலைவராக உட்காரலாம், அவர் சாயமாட்டார், நாம் மட்டும் சாய்வோமா என்று திருப்பிக் கேட்க வாய் வருகிறது. கேட்கவும் வேண்டும். ஆனால் நமக்கு நாமே இன்னொன்றும் சொல்லிக்கொள்ள வேண்டும். நடுவராகப் போகிறவன் துண்டை வாசலில் கழட்டி வைத்து விட்டுத்தான் போக வேண்டும். விவசாயி பக்கம் தப்பு இருந்தால் தப்பு என்று அவன்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தப்பு இல்லையா நம் பக்கம்? விவசாயச் சர்வீஸில் தண்ணி எடுத்து டேங்கர் லாரிக்கு விற்கிறவன் நம் ஊரில் இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். 2019 கோடையில் மெட்ராஸே வறண்டபோது நம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து இரவு பகலாக லாரி போனதைப் பார்த்தோமே. பக்கத்து மனையில் வீடு கட்டத் தண்ணி விடுகிறவனும் உண்டு. இதெல்லாம் 126-வது பிரிவில் அனுமதியில்லாத பயன்பாடு. அந்த வழக்கைக் குறைதீர் மன்றம் எடுக்காது. 30 நாளுக்குள் மேல்முறையீடு போக வேண்டும், அதற்கும் அவர்கள் போட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மின் திருட்டு வழக்கும் மன்றத்துக்கு வராது. கொக்கி போட்டு விட்டு மன்றத்துக்கு வந்து சங்கத்தைக் கூப்பிடாதீர்கள். வரமாட்டோம்.

அதனால்தான் எப்படிப்பட்ட ஆளை அனுப்புவது என்பதில் கவனம் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பெரிய படிப்பு வேண்டாம். மின் காண்ட்ராக்ட் எடுக்கிறவர் வேண்டாம். ஈ.பி. ஆபீஸ் வாசலில் நின்று பெயர் மாற்றத்துக்கும் புது சர்வீஸுக்கும் காசு வாங்கிக்கொண்டு நடக்கிற புரோக்கர் வேண்டவே வேண்டாம். நாற்காலிக்கு முதலில் ஓடி வருவது அவர்தான், ஜாக்கிரதை. கட்சிப் பொறுப்பில் இருப்பவரும் வேண்டாம். ஊரில் பாகத் தகராறு, வரப்புத் தகராறு வந்தால் இரண்டு பக்கமும் யாரைத் தேடிப் போகிறார்களோ அவர் வேண்டும். அவர் பெண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது. புருஷன் போன பிறகு சர்வீஸைத் தன் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்று, பட்டா என்று அலைந்த பெண்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு அந்த அலுவலகங்களின் நடைமுறை எனக்குத் தெரியாது.

இனி சங்கம் கேட்பது என்ன என்று சொல்கிறேன். நம் பகுதிக்கான குறைதீர் மன்றத்தின் வெளி உறுப்பினர் இடங்களில் ஒன்றாவது பம்ப்செட்டு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு வர வேண்டும். உறுப்பினர் இடம் காலியாகும்போது அறிவிப்பை ஊராட்சி அலுவலகத்திலும் பிரிவு அலுவலகத்திலும் தமிழில் ஒட்ட வேண்டும். இப்போது யாருக்குத் தெரிகிறது? மன்றம் மாதத்தில் ஒரு நாளாவது வட்ட அலுவலகத்தை விட்டு வெளியே வந்து கிராமங்களில் உட்கார வேண்டும். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போட்டுத்தான் ஒரு விவசாயி விசாரணைக்கு வருகிறான். மத்தியஸ்தர் பட்டியல் போடும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் நுகர்வோர் ஆணையமும் விவசாயிகள் அமைப்புகளிடம் எழுத்து மூலம் பெயர் கேட்க வேண்டும். பயிற்சியை அவர்களே கொடுக்க வேண்டும்.

விவசாய இணைப்புக்கு மீட்டர் வைக்கிற பிரச்சினையை இதோடு கலக்க வேண்டாம் என்று செயற்குழுவில் முடிவு. அதற்குத் தனித் துண்டறிக்கை வரும்.

அதற்குள் உங்கள் கையில் இருக்கிற புகாரை விட்டு விடாதீர்கள். முதலில் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு. நகலில் சீலும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள், நான் மூன்று முறை செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்ய வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மன்றம். மன்றத்தின் உத்தரவு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் மின் குறைதீர்ப்பாளர். அவர் அலுவலகம் கிண்டியில்தான், தாம்பரத்தில் ரயில் ஏறினால் அரை மணி. மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் பில்லை வாங்கி வையுங்கள். எத்தனை மணிக்கு எரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்து வரும் விவசாயிகள் குறைதீர் நாளன்று செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலக வாசலில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் கூடுவோம். மேலே சொன்ன கோரிக்கை மனுவோடு ஊருக்கு இரண்டு பெயர், அதில் ஒரு பெண் பெயர், என்று பட்டியலும் ஆட்சியர் கையில் கொடுக்கப் போகிறோம். பெயர் சொல்கிறவர்கள் அந்த ஆளின் சம்மதத்தையும் சர்வீஸ் எண்ணையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். இதுவரை ஐந்து ஊர்களிலிருந்து மட்டும்தான் பெயர் வந்திருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக என்னிடம் சேர்த்து விடுங்கள், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்